பிக்கப் வண்டியில் கிறீச், ஊளை, விசில்: எஞ்சின் சத்தத்தை அறிகுறி வாரியாகப் பிடிப்பது

பானெட்டுக்குள் கிறீச்சென்று சத்தம் வந்தால் பெரும்பாலும் முதலில் மாறுவது பெல்ட். அதற்கும் அடங்காவிட்டால் பேட்டரியை நிரப்பும் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் மாறும், அடுத்து வாட்டர் பம்ப். மூன்று பொருள் புதிதாகிவிடும். சத்தம் பழையபடியே இருக்கும். எஞ்சினின் முன்பக்கத்தில் இந்தச் சாமான்கள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. எல்லாமே ஒரே இரும்பில் போல்ட் போட்டு இறுக்கியவை. ஒன்றின் பேரிங் அலறினால் அந்த அதிர்வு பக்கத்துச் சாமானிலும் கேட்கும். காதை மட்டும் நம்பி இடத்தைக் குறித்தால் ஏமாறத்தான் வேண்டும்.

அதனால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்ற தேடலைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். எதைச் செய்தால் கூடுகிறது, எதைச் செய்தால் நிற்கிறது என்று பாருங்கள். ஸ்டியரிங், ஹெட்லைட், ஏசி, கிளட்ச், ஆக்சிலேட்டர். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே இந்த ஐந்தையும் ஒரு நேரத்தில் ஒன்று என்ற கணக்கில் மாற்றிப் பார்த்தால், பானெட்டைத் திறக்கும் முன்பே சந்தேகம் ஒன்றிரண்டு சாமான்களுக்குள் சுருங்கிவிடும்.

உடனே நிறுத்த வேண்டிய சத்தம்

எல்லாச் சத்தமும் அவசரம் இல்லை. ஆனால் சத்தத்தோடு கீழே சொல்லும் எதுவாவது சேர்ந்து வந்தால் சோதனையெல்லாம் பிறகு. வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள்.

சத்தமும் வருகிறது, டெம்பரேச்சர் முள்ளும் ஏறுகிறது என்றால் வாட்டர் பம்ப் சரியாகச் சுற்றவில்லை அல்லது பெல்ட் வழுக்குகிறது. சார்ஜ் விளக்கு எரிந்து அதே நேரத்தில் ஸ்டியரிங்கும் கனத்துப்போனால் பெல்ட் அறுந்துவிட்டது அல்லது கழன்றுவிட்டது. ரப்பர் கருகும் வாசனை வந்தால் ஏதோ ஒரு புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) இறுகி நிற்கிறது, பெல்ட் அதன்மேல் தேய்ந்துகொண்டிருக்கிறது. ஆயில் விளக்கு எரிந்தால் சத்தம் எதுவாக இருந்தாலும் ஒரு நிமிடம்கூட ஓட்டக்கூடாது. டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் சாதனம்) உள்ள டீசலில் சைரன் மாதிரி ஏறும் சத்தத்தோடு நீலப் புகையும் வந்தால் அதற்கும் இதே விதி. ஏன் என்று டர்போ பகுதியில் சொல்கிறேன்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

நல்ல டார்ச், தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டில், நீளமான ஸ்க்ரூடிரைவர், ஒரு மீட்டர் ரப்பர் ஹோஸ், மல்டிமீட்டர், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்த நீளமான ஸ்பேனர். மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஸ்டெதாஸ்கோப் இருந்தால் சௌகரியம், இல்லாவிட்டாலும் ஸ்க்ரூடிரைவர் அந்த வேலையைச் செய்யும். முனையைச் சாமானின் அசையாத உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்தினால் உள்ளே இருக்கும் பேரிங்கின் கரகரப்பு நேராகக் கேட்கும். ரப்பர் ஹோஸ் காற்றுக் கசிவுக்கு: ஒரு முனை காதில், மறுமுனையை மூட்டுகளின் பக்கமாக மெல்ல நகர்த்திக்கொண்டே போனால் கசியும் இடத்தில் சத்தம் சட்டென்று பெரிதாகும்.

வண்டி சமதளத்தில் நிற்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். தொங்கும் துணி, கழுத்துச் சங்கிலி, மோதிரம் எதுவும் வேண்டாம், நீளமான முடியைக் கட்டிக்கொள்ளுங்கள். எலக்ட்ரிக் ஃபேன் உள்ள வண்டியில் எஞ்சினை அணைத்த பிறகும் ஃபேன் தானாகச் சுழல ஆரம்பிக்கலாம் என்பதை மறக்கவேண்டாம்.

முதல் பிரிவினை: எஞ்சினா, வண்டியா?

நின்ற இடத்தில், நியூட்ரலில், மெல்ல ரேஸ் கொடுங்கள். சத்தம் வந்து, ஆர்பிஎம்மோடு (எஞ்சின் சுற்று வேகத்தோடு) ஏறி இறங்கினால் அது எஞ்சினோடு சுற்றும் ஏதோ ஒன்று. நின்ற இடத்தில் சத்தமே இல்லை, ஓடும்போது மட்டும் வருகிறது, வண்டியின் வேகத்தோடு ஏறுகிறது என்றால் பானெட்டைத் திறப்பதில் பயனில்லை. நேராகக் கட்டுரையின் கடைசிப் பகுதிகளுக்குப் போங்கள். கியர் பாக்ஸ், பின் அச்சு, சக்கரப் பேரிங் எல்லாம் அங்கே இருக்கின்றன.

இந்தப் பிரிவினை சின்னதாகத் தோன்றும். ஆனால் பின் அச்சின் ஊளையை எஞ்சின் சத்தம் என்று நினைத்துப் பெல்ட்டை மாற்றுவது நடக்காத கதை இல்லை. பிக்கப்பில் கேபின் குட்டை, பின்பகுதி வெறும் தொட்டி. கீழே கிளம்பும் சத்தம் ஃபிரேம் வழியாக ஓடி காலடியில் வந்து கேட்கும்.

அறிகுறி: குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் நீண்ட கிறீச், கொஞ்ச நேரத்தில் அடங்குகிறது

இது பெல்ட் வழுக்கும் சத்தம். ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி கொஞ்சம் இறங்கிவிடுகிறது. அதை நிரப்ப ஆல்டர்னேட்டர் முதல் சில நிமிடங்கள் முழு மூச்சில் மின்சாரம் தயாரிக்கிறது, புல்லி கனக்கிறது. ரப்பர் குளிர்ந்து விறைத்திருக்கிறது, ஈரமும் இருந்தால் பிடிப்பு இன்னும் குறைவு. பெல்ட் புல்லியின் மேல் சறுக்குகிறது. பேட்டரி நிரம்ப நிரம்பச் சுமை குறைந்து சத்தம் அடங்குகிறது.

உறுதிப்படுத்த, எஞ்சின் ஐடிலில் (ஆக்சிலேட்டர் மிதிக்காமல் மெதுவாக ஓடும் நிலையில்) இருக்கும்போது ஹெட்லைட், பிளோயர், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் போடுங்கள். கிறீச் திரும்பி வந்தால் சந்தேகம் தீர்ந்தது.

இப்போது தண்ணீர்ச் சோதனை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, கை விலகி நின்று, பெல்ட்டின் வரி விழுந்த உள்பக்கத்தில் ஸ்ப்ரே பாட்டிலால் கொஞ்சமாகத் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் இன்னும் பலமானால் டென்ஷன் போதவில்லை, பெல்ட் சறுக்குகிறது. சத்தம் சட்டென்று நின்று, காய்ந்ததும் திரும்பினால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு என்பதால்தான் இந்தச் சோதனையை விடக்கூடாது.

பெல்ட்டைப் பார்க்கும் விதமும் மாறிவிட்டது. பழைய நியோப்ரீன் பெல்ட் கெட்டால் வரிகளின் குறுக்கே வெடிப்பு விழும், கண்ணுக்குத் தெரியும். இப்போது வருகிற ஈபிடிஎம் ரப்பர் பெல்ட் அப்படி வெடிப்பதில்லை. பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் வரிகள் டயர் தேய்வதுபோலத் தேய்ந்து, பள்ளம் அகலமாகி, புல்லியின் பல்லை இறுக்கிப் பிடிக்காமல் அடியில் உட்கார்ந்துவிடும். வெடிப்பே இல்லை, பெல்ட் நல்லது என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இதில்தான் தவறுகிறார்கள். தேய்மானம் பார்க்கும் சின்ன பிளாஸ்டிக் கேஜ் கிடைக்கும். அது இல்லாவிட்டால் புது பெல்ட்டின் பக்கத்தில் வைத்து வரிகளின் உயரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். உள்பக்கம் கண்ணாடிபோல் பளபளத்தால் அது ஏற்கெனவே நிறைய வழுக்கியிருக்கிறது.

பெல்ட்டில் ஆயிலோ கூலன்ட்டோ பட்டிருந்தால் துடைத்து ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். ரப்பர் ஊறிவிட்டால் மீளாது. கசிவை அடைத்த பிறகுதான் புது பெல்ட் போடவேண்டும், இல்லாவிட்டால் புதியதும் அதே கதிக்கு வரும். சேறு, மணல் மட்டும் என்றால் எஞ்சினை அணைத்துவிட்டு புல்லியின் பள்ளங்களைப் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். கரடுமுரடான பாதையில் உழைக்கும் பிக்கப்பில் பல சத்தங்கள் இதோடு முடிந்துவிடும்.

பெல்ட் டிரெஸ்ஸிங் என்று விற்கும் பிசுபிசுப்பான ஸ்ப்ரேயைப் பற்றி என் கருத்து: வேண்டாம். சத்தத்தைச் சில நாள் அமுக்கும், தூசியையும் மணலையும் பிடித்து வைத்து வரிகளை அரிக்கும், பிறகு சோதிக்க வருகிறவருக்கு எந்தத் தடயமும் மிஞ்சாது.

டென்ஷனர் தானியங்கி வகை என்றால் அதன் உடம்பில் அளவுக்குறி இருக்கும். முள் குறிக்கு வெளியே போயிருந்தால் பெல்ட் நீண்டுவிட்டது அல்லது ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது டென்ஷனர் கை லேசாக நடுங்குவது இயல்பு. குதித்துக் குதித்து ஆடினால் அதன் உள்ளே இருக்கும் உராய்வுத் தடுப்பு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை மாற்றும் முன் ஆல்டர்னேட்டர் புல்லியையும் பாருங்கள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

தனித்தனி வி பெல்ட் உள்ள பழைய பிக்கப்பில் கையால்தான் இறுக்கவேண்டும். இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் பலமாக அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் அமுங்குவது பொதுவான அளவு, வண்டியின் கையேட்டில் வேறு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. கிறீச்சை நிறுத்த வேண்டும் என்று இழுத்து இறுக்கினால் சத்தம் நிற்கும். ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் பேரிங்குகள் சீக்கிரமே பதில் சொல்லும்.

அறிகுறி: கீச், கீச், கீச் என்று விட்டுவிட்டு, ஐடிலில் அதிகம்

குருவி கத்துவதுபோல ஒரே தாளத்தில் வரும். பெல்ட் ஒரு புல்லிக்குள் கோணலாக நுழைகிறது. ஏதாவது ஒரு சாமானைச் சமீபத்தில் மாற்றியிருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள். பிராக்கெட் போல்ட் தளர்ந்திருக்கலாம், புல்லி அச்சில் முழுதாக ஏறாமல் இருக்கலாம். நேரான இரும்பு ஸ்கேலை அல்லது இழுத்துப் பிடித்த நூலைப் புல்லிகளின் முகத்தில் வைத்துப் பார்த்தால் விலகல் தெரியும். பெல்ட்டின் ஒரு ஓரம் மட்டும் நூல் பிரிந்திருப்பதும் இதற்கு அடையாளம். கிராங்க் புல்லியின் இரு வளையங்களுக்கு நடுவே உள்ள ரப்பர் விட்டுப்போனால் வெளிவளையம் தள்ளாடும். ஐடிலில் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலே அந்த ஆட்டம் தெரியும்.

அறிகுறி: ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஊளை கூடுகிறது

பவர் ஸ்டியரிங் பம்ப். எலக்ட்ரிக் ஸ்டியரிங் என்றால் பம்ப்பே கிடையாது, இந்தப் பகுதியைத் தாண்டுங்கள்.

முதலில் எது இயல்பு என்று தெரியவேண்டும். ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் ஒடித்து அங்கேயே அழுத்திப் பிடித்தால் எல்லா ஹைட்ராலிக் பம்ப்பும் முனகும். உள்ளே ரிலீஃப் வால்வ் திறந்து ஆயில் சுற்றிவரும் சத்தம் அது. ஐந்து விநாடிக்கு மேல் அப்படிப் பிடிக்கவும் கூடாது, ஆயில் கொதித்துவிடும். நடுவிலிருந்து திருப்ப ஆரம்பிக்கும்போதே ஊளை வந்தால்தான் பழுது.

ஆயில் மட்டத்தைப் பாருங்கள். குறைவாக இருந்தால் பம்ப் ஆயிலோடு காற்றையும் இழுக்கிறது. மட்டம் சரியாக இருந்தும் ஊளை என்றால், எஞ்சின் ஓடும்போது ரிசர்வாயர் மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். நுரை இருக்கிறதா? இருந்தால் காற்று எங்கேயோ உள்ளே நுழைகிறது. இங்கே பலரைக் குழப்பும் விஷயம், வெளியே ஒரு சொட்டு ஆயில்கூடக் கசிந்திருக்காது. ரிசர்வாயரிலிருந்து பம்ப்புக்குப் போகும் ஹோஸ் உறிஞ்சும் பக்கம். அங்கே கிளாம்ப் தளர்ந்தால் ஆயில் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். கிளாம்ப்பை மாற்றி, ஹோஸ் முனை வெடித்திருந்தால் வெட்டிப் பொருத்துங்கள். சில ரிசர்வாயர்களின் அடியில் சல்லடை இருக்கும், அது அடைத்தாலும் பம்ப் ஆயிலுக்குத் தவித்து ஊளையிடும். நல்ல பம்ப்புகள் பல இந்தச் சல்லடையால் குப்பைக்குப் போகின்றன.

காற்றை வெளியேற்ற, முன் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலேயே ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகப் பலமுறை திருப்புங்கள். குமிழி வருவது நிற்கும்வரை மட்டத்தை நிரப்பிக்கொண்டே இருங்கள். அதற்குப் பிறகு எஞ்சினை ஓடவிட்டு அதையே செய்யுங்கள். எந்த ஆயில் என்பது மூடியிலோ கையேட்டிலோ இருக்கும். சில வண்டிக்கு ஆட்டோமேட்டிக் கியர் ஆயில், சிலவற்றுக்குத் தனி ஸ்டியரிங் ஆயில்; மாற்றி ஊற்றினால் சீல்கள் கெடும்.

இத்தனைக்கும் பிறகும் ஊளை நிற்கவில்லை, ஆயிலில் உலோகப் பொடி மின்னுகிறது என்றால் பம்ப் தேய்ந்துவிட்டது. புது பம்ப் போடும்போது பழைய ஆயிலை முழுக்க வடித்துவிடுங்கள், அந்தப் பொடியே புதியதையும் தின்றுவிடும். திருப்பும்போது ஊளைக்குப் பதில் கிறீச் வந்தால் அது பம்ப்பின் சுமையில் பெல்ட் வழுக்குவது, முந்தைய பகுதிக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: விளக்கு, பிளோயர் போட்டால் மெல்லிய ஊளை கூடுகிறது

ஆல்டர்னேட்டர். இதில் சத்தம் இரண்டு வகையில் வரும், பேரிங்கிலிருந்தோ உள்ளே இருக்கும் டையோடு பழுதால் மின்காந்த முறையிலோ. பிரித்தறிய ஒரு நேர்த்தியான வழி உண்டு. எஞ்சினை அணைத்து, ஆல்டர்னேட்டரின் பின்னால் செருகியிருக்கும் சின்ன கனெக்டரைக் கழற்றுங்கள். தடித்த பேட்டரி வயரைத் தொடவேண்டாம். மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஆல்டர்னேட்டர் சும்மா சுற்றும், மின்சாரம் தயாரிக்காது. சார்ஜ் விளக்கு எரியும், பரவாயில்லை. ஊளை காணாமல் போனால் பழுது மின் பக்கம். அப்படியே இருந்தால் பேரிங். கேட்டதும் எஞ்சினை அணைத்து கனெக்டரை மாட்டிவிடுங்கள்.

மின் பக்கம் என்று வந்தால் மல்டிமீட்டரை ஏசி (மாறுமின்) வோல்ட்டில் வைத்து, எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டையோடு மேல் சந்தேகம் வலுக்கிறது. டிசியில் (நேர்மின்) 13.8 முதல் 14.5 வோல்ட் வரை பொதுவாக இருக்கும். கணினி கட்டுப்படுத்தும் புதிய வண்டிகளில் இது ஏறி இறங்கலாம். எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய சோதனையை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். அந்தக் கணத்தில் எழும் வோல்ட்டேஜ் பாய்ச்சல் கன்ட்ரோல் யூனிட்டைச் சுட்டுவிடும்.

புதிய டீசல் பிக்கப்புகள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் புல்லி ஒரு பக்கம் மட்டும் பிடித்து மறுபக்கம் விட்டுச் சுற்றும் வகை. பெரும்பாலும் அதன் முகத்தில் பிளாஸ்டிக் மூடி இருக்கும். பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள்: ஒரு திசையில் உள்ளே சுழலும் ரோட்டரையும் இழுத்துக்கொண்டு சுற்றவேண்டும், எதிர்த்திசையில் புல்லி மட்டும் தனியாக ஓடவேண்டும். இரு பக்கமும் இறுகிப் பிடித்தால் அது மாட்டிக்கொண்டது. பெல்ட் படபடக்கும், டென்ஷனர் குதிக்கும், கிறீச்சும் வரும். குற்றவாளி இந்தப் புல்லியாக இருக்க, தண்டனை டென்ஷனருக்குப் போகிறது. மலிவாக இருக்கிறதே என்று இதற்குப் பதில் சாதாரண புல்லியைப் போட்டால் பெல்ட்டும் டென்ஷனரும் சீக்கிரம் உயிரை விடும்.

ரேடியோ ஸ்பீக்கர் வழியாக மட்டும் ஊளை கேட்டால் அது சத்தமே இல்லை, மின் இரைச்சல். ஆடியோவின் எர்த் வயரைப் பாருங்கள்.

அறிகுறி: எதைப் போட்டாலும் அணைத்தாலும் மாறாத கரகரப்பு அல்லது ஊளை

சுமையை மாற்றினாலும் சத்தம் மாறவில்லை என்றால் எங்கோ ஒரு பேரிங் காய்ந்துவிட்டது. இங்கேதான் பெல்ட்டைக் கழற்றும் சோதனை. இதைச் செய்யாமல் எந்தச் சாமானையும் வாங்காதீர்கள்.

பெல்ட் ஓடும் பாதையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, டென்ஷனரைத் தளர்த்திக் கழற்றுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் மட்டும் கேளுங்கள். வாட்டர் பம்ப் நின்றுவிட்டிருக்கும் என்பதால் அதற்கு மேல் ஓட்டவேண்டாம். சில டீசல்களில் பிரேக்குக்கு உதவும் வேக்கம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கும். பெல்ட் இல்லாமல் பிரேக் கட்டையாக இருக்கும், வண்டியை அங்குலம்கூட நகர்த்தக்கூடாது.

சத்தம் நின்றுவிட்டதா? அப்படியானால் பெல்ட் சுற்றும் சாமான்களில் ஒன்று. எஞ்சினை அணைத்து, ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள், பிடித்து ஆட்டியும் பாருங்கள். பெல்ட்டுக்கு வழிகாட்டும் வெற்றுப் புல்லியான ஐட்லரும் டென்ஷனர் புல்லியும் சத்தமில்லாமல், கொஞ்சம் எதிர்ப்போடு சுற்றி நிற்கவேண்டும். பம்பரம்போல் வெகுநேரம் சுற்றினால் உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். இதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு, உண்மை நேரெதிர். மணல் அரைப்பதுபோல் விரலில் உணர்ந்தால் மாற்றுங்கள்.

வாட்டர் பம்ப் புல்லியில் துளி ஆட்டம்கூட இருக்கக்கூடாது. அதன் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதிலிருந்து கூலன்ட் வழிந்து காய்ந்த வெள்ளை, பச்சை அல்லது சிவப்புத் தடம் தெரிந்தால் உள் சீல் போய்விட்டது, பேரிங்கும் தொடரும். ஃபேன் இதே அச்சில் இருந்தால் ஃபேன் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் அங்கே பெரிதாகத் தெரியும். ஆட்டம் தெரிந்தால் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். பேரிங் விட்டால் ஃபேன் ரேடியேட்டருக்குள் போய் உட்காரும்.

பெல்ட் இல்லாமலும் சத்தம் தொடர்ந்தால் எஞ்சினுக்குள் தேடவேண்டும். வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அளவுக்கு மேல் இறுகினாலும், அதன் டென்ஷனர் பேரிங் காய்ந்தாலும் ஆர்பிஎம்மோடு ஏறும் தெளிவான ஊளை வரும். டைமிங் பெல்ட் சமீபத்தில் மாற்றிய வண்டியில் இந்த ஊளை புதிதாக வந்தால் மாற்றியவரையே கூப்பிட்டுக் காட்டுங்கள். அந்தப் பேரிங் ஓடிக்கொண்டிருக்கும்போது இறுகினால் பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதும். அதனால் சந்தேகம் தீரும்வரை அந்த எஞ்சினை ஓட்டவேண்டாம். கியரால் டைமிங் ஓடும் சில டீசல்கள் பிறவியிலேயே லேசாக ஊளையிடும், அதை மாற்ற முயன்றால் பணம்தான் போகும்.

ஏசியும் ஃபேனும்

ஏசி போட்டதும் சத்தம் வந்து, அணைத்ததும் நின்றால் கம்ப்ரசர் அல்லது அதன் சுமையில் வழுக்கும் பெல்ட். ஏசி அணைந்திருக்கும்போது கரகரப்பு, போட்டதும் மறைகிறது என்றால் கம்ப்ரசர் கிளட்ச்சின் புல்லி பேரிங். அதை மட்டும் தனியாக மாற்றலாம், முழுக் கம்ப்ரசருக்குத் தலையாட்ட வேண்டாம்.

எஞ்சினால் சுழலும் ஃபேன் உள்ள பிக்கப்பில், ஸ்டார்ட் செய்த முதல் ஓரிரு நிமிடம் புயல்போல் இரைந்து பிறகு அடங்குவது இயல்பு. ஃபேன் கிளட்ச்சின் உள்ளே இருக்கும் சிலிக்கோன் திரவம் ஒருபுறமாகத் திரண்டிருக்கும், சுற்றச் சுற்ற இடம் மாறும். நாள் முழுக்க இரைச்சல் நிற்காவிட்டால் கிளட்ச் பூட்டிக்கொண்டது.

அறிகுறி: ஆக்சிலேட்டர் மிதித்தால் விசில், சைரன், சீறல்

டர்போ டீசலில் மெல்லிய விசில் இருக்கத்தான் செய்யும். உள்ளே சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகிறது. நேற்று இல்லாத விசில் இன்று வந்தால், அல்லது பழைய விசில் திடீரென்று பெருத்தால் அதைத்தான் கவனிக்கவேண்டும்.

சீறலோடு இழுவை குறைந்து கரும்புகையும் வந்தால் டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே காற்று கசிகிறது. எஞ்சின் ஆறியதும், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும், அதிலிருந்து வரும் ஹோஸ்கள் எல்லாவற்றையும் கையால் முறுக்கிப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் அடிப்பக்கத்தில், கண்ணுக்குப் படாத வளைவில் இருக்கும். கிளாம்ப் பக்கம் புதிதாக எண்ணெய்ப் பசை படிந்திருந்தால் அங்கேதான் ஓட்டை. ஐடிலில் மூடிக்கொள்ளும் வெடிப்பு, சுமை ஏறும்போது மட்டும் வாய் திறக்கும். நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்துப் பார்த்தால் அகப்படாது. புகை வெளியேறும் மேனிஃபோல்டுக்கும் டர்போவுக்கும் நடுவே கேஸ்கட் போனாலும் விசில் வரும், கரித்தடம் காட்டிக்கொடுக்கும்.

சைரன் சத்தம் வேறு ரகம். டர்போவின் அச்சுப் பேரிங் தேய்ந்து சக்கரம் அதன் உறையில் உரசத் தொடங்கும்போது வரும். எஞ்சின் நின்று ஆறிய பிறகு காற்று வரும் பைப்பைக் கழற்றி, அச்சு நுனியை விரலால் பிடியுங்கள். பக்கவாட்டில் இம்மியளவு ஆட்டம் இருக்கலாம், ஆயில் படலத்துக்கான இடைவெளி அது. உள்ளே வெளியே இழுத்தால் அசைவு தெரியக்கூடாது. இறக்கை நுனியோ உறையின் சுவரோ கீறியிருந்தால் அந்த டர்போவை மறுபடி ஓட்டாதீர்கள். சீல் போன டர்போ எஞ்சின் ஆயிலைக் காற்றுப் பாதைக்குள் கொட்டும். டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே எரிபொருளாகக் குடித்து, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் எகிறும். புது டர்போ போடும்போது ஆயில் வரும் பைப்பையும் மாற்றுங்கள், பழையது எதனால் செத்தது என்பதற்கான விடை பெரும்பாலும் அதற்குள் கரியாக அடைத்திருக்கும்.

பெட்ரோல் எஞ்சினில் ஐடிலில் விசில் வந்து, ரேஸ் கொடுத்தால் குறைந்தால் வேக்கம் கசிவைத் தேடுங்கள். ரப்பர் ஹோஸைக் காதில் வைத்து இன்டேக் மேனிஃபோல்டு, பிரேக் பூஸ்டர் ஹோஸ், சின்ன வேக்கம் குழாய்கள் என்று நகருங்கள். தீப்பிடிக்கும் ஸ்ப்ரே அடித்துக் கண்டுபிடிக்கும் பழக்கம் சூடான எஞ்சினில் வேண்டாம். ஒரு விசித்திரமான விசில் உண்டு: ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தாலோ டிப் ஸ்டிக்கை உருவினாலோ உடனே நின்றுவிடும். எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வ் கெட்டு, எஞ்சினின் அடிவயிறு முழுக்க வெற்றிடம் ஏறி, கிராங்க் சீல் விளிம்பு வழியாகக் காற்று உள்ளே நுழைகிறது. சீலை மாற்ற கியர் பாக்ஸை இறக்கும் முன் வால்வை மாற்றிப் பாருங்கள்.

அறிகுறி: கிளட்ச் மிதித்தால் சத்தம் மாறுகிறது

நியூட்ரலில், கிளட்ச்சை விட்டிருக்கும்போது சத்தம், மிதித்தால் நிற்கிறது: கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதித்தால் மட்டும் வருகிறது: கிளட்ச் ரிலீஸ் பேரிங். இரண்டுக்கும் கியர் பாக்ஸ் இறங்கித்தான் ஆகவேண்டும், முதலில் கியர் ஆயில் மட்டத்தைப் பார்த்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக்கில் பார்க்கிங்கில்கூட ஆர்பிஎம்மோடு ஏறும் ஊளை என்றால் உள்ளே இருக்கும் பம்ப் ஆயில் இல்லாமலோ ஃபில்டர் அடைத்தோ தவிக்கிறது. ரிவர்ஸில் மட்டும் ஊளை என்றால் கவலை வேண்டாம். பல மேனுவல் பெட்டிகளில் ரிவர்ஸ் கியரின் பற்கள் நேராக வெட்டப்பட்டவை, அவை அப்படித்தான் பாடும்.

சாவியைத் திருப்பியதும், எஞ்சின் ஓடும் முன்பே பின்பக்கத்திலிருந்து ஓரிரு விநாடி வரும் மெல்லிய ரீங்காரம் டேங்க்கில் இருக்கும் ஃப்யூயல் பம்ப். அது ஓடும்போதும் கேட்கும் அளவுக்குப் பெருத்தால் ஃபில்டரை மாற்றுங்கள், டேங்க்கை அடிமட்டம்வரை காயவிடும் பழக்கம் இருந்தால் விடுங்கள்.

அறிகுறி: ஓடும்போது மட்டும், வேகத்தோடு ஏறும் ஊளை

போக்குவரத்து இல்லாத சாலையில் சத்தம் வரும் வேகத்துக்குப் போய், நியூட்ரலுக்கு மாற்றி எஞ்சினை ஐடிலுக்கு இறங்கவிடுங்கள். சத்தம் அப்படியே தொடர்ந்தால் எஞ்சினுக்குச் சம்பந்தமில்லை.

ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஊளை, விட்டால் மாறுகிறது அல்லது மறைகிறது என்றால் பின் அச்சின் கிரவுன் மற்றும் பினியன் பற்கள், அல்லது பினியன் பேரிங். இந்தப் பற்கள் இருக்கும் டிஃபரென்ஷியலின் ஆயில் மட்டம் பொதுவாக நிரப்பும் துளையின் உதடுவரை இருக்கவேண்டும். வடிக்கும்போது காந்த பிளக்கில் கரும்பசைபோல் மெல்லிய பொடி ஒட்டியிருப்பது தேய்மானம். சில்லுகளாக உலோகத் துண்டு வந்தால் பிரித்தே ஆகவேண்டும். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றும் பிக்கப்பில் முதலில் சொல்லிக்காட்டுவது இந்தப் பினியன்தான்.

ஆக்சிலேட்டருக்கு மாறாமல் உறுமி, ஸ்டியரிங்கை லேசாக ஒடித்தால் மாறினால் சக்கரப் பேரிங். இடப்பக்கம் ஒடிக்கும்போது எடை வலப்பக்கச் சக்கரங்களில் இறங்குகிறது. அப்போது சத்தம் கூடினால் வலப்பக்கம் பழுது. சாலையின் பரப்பு மாறும்போதெல்லாம் சத்தமும் மாறினால் டயர். பெரிய கட்டைகள் உள்ள டயர் போட்டிருந்தால் அந்த ஊளையோடு வாழத்தான் வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தில் போட்டால் மட்டும் சத்தம் என்றால் முன் அச்சுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் ஆயிலையும் முன் அச்சையும் பாருங்கள்.

புது பெல்ட் போட்ட பிறகு

எந்தப் பழுதைச் சரிசெய்தாலும் பெல்ட்டை மாட்டும்போது ஒவ்வொரு வரியும் அதனதன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு வரி தள்ளி உட்கார்ந்தால் சில நிமிடத்தில் ஓரம் கிழியும். வி பெல்ட் புதிதாகப் போட்டால் கால் மணி நேரம் ஓடவிட்டு, ஆறிய பிறகு டென்ஷனை மறுபடி பார்த்துச் சரிசெய்யவேண்டும். புது ரப்பர் படியும்போது தளரும். பிறகு சத்தத்தை முதலில் வரவழைத்த அதே சுமையை, ஹெட்லைட்டோ ஸ்டியரிங்கோ ஏசியோ, குளிர்ந்த எஞ்சினில் மறுபடி கொடுத்துப் பாருங்கள். சூடான எஞ்சினில் அமைதியாக இருப்பது எதையும் நிரூபிக்காது.